சயாம் மரண ரயில்பாதை: போர்க்கைதிகளின் முகாம் வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்தின் (பழைய பெயர் சயாம்) காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போய்வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஊர் திரும்பியதும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அங்கிருக்கும் ரயில்பாலத்தைப் பார்த்திருப்பார்கள், அதன்மேல் நின்று படம் எடுத்திருப்பார்கள், கல்லறைத் தோட்டத்தையும் ஒரு சுற்று சுற்றியிருப்பார்கள். ஆனால் அந்த ரயில்பாதையைப் போட்ட போர்க்கைதிகள் எங்கே படுத்தார்கள், என்ன தின்றார்கள், எதனால் செத்தார்கள் என்பதெல்லாம் அரை நாளில் பிடிபடாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது எந்தப் பாதை? எதற்காகப் போட்டார்கள்?

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான் ராணுவம் போட்ட பாதை. தாய்லாந்தின் நோங் பிளாடுக்கில் தொடங்கி பர்மாவின் தன்பியூசாயாட் வரை, 415 கி.மீ. பர்மாவில் இருந்த தன் படைகளுக்கு ஜப்பான் கப்பலில்தான் சாமான் அனுப்பிக்கொண்டிருந்தது. 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் பலத்த அடி வாங்கிய பிறகு கடல்வழி நம்பகமில்லாமல் போனது. தரைவழி வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்று முடிவாயிற்று. 1942 கடைசியில் இரண்டு முனையிலும் வேலை மும்முரமாகி, 1943 அக்டோபரில் கொன்கொய்தா என்ற இடத்தில் தண்டவாளங்கள் சந்தித்தன. நடுவில் இருந்ததெல்லாம் மலை, மூங்கில் காடு, கொசு, மழை.

கைதிகள் யார்? எத்தனை பேர்?

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ஜாவாவில் டச்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். அப்படிப் பிடிபட்டவர்களில் 60,000க்கும் மேற்பட்டவர்களை இந்தப் பாதைக்குக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 30,000 பேர் பிரிட்டிஷார், 18,000 பேர் டச்சுக்காரர்கள், 13,000 பேர் ஆஸ்திரேலியர்கள், 700 பேர் அமெரிக்கர்கள். அமெரிக்கர்கள் இங்கே எப்படி வந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஜாவாவில் மாட்டிக்கொண்ட ஒரு பீரங்கிப் படைப்பிரிவும், சுந்தா நீரிணையில் மூழ்கிய 'ஹூஸ்டன்' போர்க்கப்பலில் பிழைத்தவர்களும்தான் அவர்கள்.

மொத்தத்தில் 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் இறந்தார்கள். அதாவது ஐந்தில் ஒருவர். சண்டையில் யாரும் சாகவில்லை, சண்டைதான் முடிந்துவிட்டதே. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்களும் பிடிபட்டார்களே, அவர்கள்?

அவர்கள் கதை வேறு. சரணடைந்த மறுநாளைக்கு மறுநாளே, பிப்ரவரி 17 அன்று, இந்தியச் சிப்பாய்களை ஃபாரர் பார்க் மைதானத்தில் தனியாகக் கூட்டினார்கள். பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேர மறுத்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்களை நியூ கினி, நியூ பிரிட்டன் போன்ற தீவுகளுக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் பட்டினியும் நோயும்தான். சயாம் பாதையில் செத்த இந்தியர்கள் பெரும்பாலும் சிப்பாய்கள் இல்லை, மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள். அவர்களைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கைதிகளை எப்படிக் கொண்டுபோனார்கள்?

சரக்கு ரயிலில். இரும்புப் பெட்டி ஒன்றுக்கு முப்பது பேர் வரை. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரக்கூட இடம் இருக்காது. பகலில் தகரம் கொதிக்கும், இரவில் சில்லிடும். சிங்கப்பூரிலிருந்து தாய்லாந்தின் பான் போங் ஊர் வரை நான்கைந்து நாள். வயிற்றுப்போக்கு வந்தவனைக் கதவுப் பக்கம் பிடித்துக்கொண்டு வெளியே குந்த வைப்பார்கள்.

இதைவிட மோசம் அதற்கப்புறம். 1943 ஏப்ரலில் 'எஃப் ஃபோர்ஸ்' என்று 7,000 பேரை அனுப்பினார்கள். "நல்ல மலைப் பிரதேசம், சாப்பாடு அதிகம், நடக்கவே வேண்டாம்" என்று சொல்லி, நோயாளிகளையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நம்பியவர்கள் வாத்தியக் கருவிகளைக்கூடத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பான் போங்கில் இறங்கியதும் நடை. இரவு இரவாக, காட்டுப் பாதையில், ஏறத்தாழ 300 கி.மீ. போகும்போதே மழைக்காலம் தொடங்கிவிட்டது. அந்த 7,000 பேரில் சுமார் 3,100 பேர் உயிரோடு திரும்பவில்லை.

முகாம் என்றால் முள்வேலி, காவல் கோபுரம் எல்லாம் இருந்ததா?

காட்டு முகாம்கள் பலவற்றில் வேலியே கிடையாது. காடுதான் வேலி.

கொட்டகைகளைக் கைதிகளே கட்ட வேண்டும். மூங்கில் தூண், அத்தாப்புக் கூரை. அத்தாப்பு என்பது மலாயாத் தமிழர்களுக்குத் தெரிந்த சொல்தான், ஒருவகைப் பனையோலைக் கீற்று. ஒரு கொட்டகை நூறு மீட்டர் நீளம்கூட இருக்கும். நடுவில் மண் நடை, இரண்டு பக்கமும் பிளந்த மூங்கிலைப் பரப்பிய மேடை. அந்த மேடையில் ஓர் ஆளுக்கு இரண்டடி அகலம். ஒருவன் புரண்டால் பக்கத்தில் இருப்பவனும் விழித்துக்கொள்வான். மூங்கில் இடுக்கெல்லாம் மூட்டைப்பூச்சி, உடம்பெல்லாம் சீலைப்பேன். எஃப் ஃபோர்ஸ் போய்ச் சேர்ந்த சில முகாம்களில் கூரையே வேயப்படாத வெறும் சட்டம்தான் நின்றது. மழையில் நனைந்தபடியே படுத்தார்கள்.

கழிப்பிடம் என்பது குழி வெட்டி மேலே மூங்கில் போட்டது. 1943 மே மாதத்திலிருந்து கொட்டிய மழையில் அந்தக் குழிகள் நிரம்பி வழிந்து முகாமுக்குள் ஓடின. சமையற்கட்டும் அதே சேற்றில்தான். சாவுக்கணக்கின் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

உடை? கொண்டுவந்த சட்டையும் பூட்ஸும் சில மாதத்தில் மக்கிப்போயின. அப்புறம் கோவணம்தான். ஒரு துண்டுத் துணி, ஒரு கயிறு. கல் உடைக்கும் வேலைக்கு வெறுங்காலோடு போனார்கள்.

என்ன சாப்பாடு கொடுத்தார்கள்?

சோறு. காலையில் கஞ்சி, மதியம் சோறு, இரவு சோறு. கூடவே பூசணியோ வெள்ளை முள்ளங்கியோ மிதக்கும் தண்ணீர்க் குழம்பு. எப்போதாவது கருவாடு, அதைவிட எப்போதாவது மாட்டிறைச்சி, ஒரு மாட்டை நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பங்கிட்டு. அரிசி பாதி நொய், மீதியில் வண்டு. மழைக்காலத்தில் லாரிப் பாதை சேறாகிப்போனதால், பாதையை ஒட்டி ஓடிய 'குவே நோய்' என்ற ஆற்றிலிருந்து தள்ளியிருந்த முகாம்களுக்கு அதுவும் ஒழுங்காக வரவில்லை. படகு வரும் இடத்தில் இருந்தவன் கொஞ்சம் கொடுத்துவைத்தவன்.

வேலைக்குப் போகாதவனுக்குப் பாதி அளவுதான், சில இடங்களில் அதற்கும் கீழே. நோயாளி மேலும் நோயாளி ஆவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. முகாம்களில் எல்லோருடைய பங்கையும் ஒன்றாகக் கொட்டிச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள், அதனால் வேலைக்குப் போனவனுக்கும் குறைந்தது.

நம்மூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும் ஒரு விஷயம் இதில் இருக்கிறது. கைதிகளுக்குக் கிடைத்தது நன்றாகத் தீட்டிய பச்சரிசி. தவிட்டோடு பி1 வைட்டமின் போய்விடும். அதையே நாள் முழுக்க, மாதக்கணக்கில் தின்றால் பெரிபெரி வரும். கால் வீங்கும், அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும், கடைசியில் இதயம் நின்றுபோகும். புழுங்கலரிசியில் அந்த வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால் இவ்வளவு மோசமாகாது. 1905-ல் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு சாராருக்குத் தீட்டிய பச்சரிசியும் இன்னொரு சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி பச்சரிசிக்காரர்களையே பிடித்தது. புழுங்கல் தின்னும் தமிழர்களிடம் அந்த நோய் அரிது என்பதும் மலாயாவில் அப்போதே கவனத்துக்கு வந்திருந்தது. ஆக, 1943-ல் முகாம் மருத்துவர்களுக்குக் காரணம் நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? கிடைத்த இடத்தில் தவிடு வாங்கி ஆளுக்கு ஒரு கரண்டி விழுங்க வைத்தார்கள். பாசிப்பயறும் வாத்து முட்டையும் கிடைத்தால் அது மருந்து. ஒரு வாத்து முட்டை ஒருவனைக் காப்பாற்றியது என்று பிழைத்தவர்கள் சொன்னதில் மிகை எதுவும் இல்லை.

முட்டை வாங்கக் காசு ஏது?

வேலைக்குப் போனவர்களுக்கு நாளுக்குச் சில்லறைக் காசு கொடுத்தார்கள். அதிகாரிகளுக்குக் கொஞ்சம் அதிகம். பல முகாம்களில் அதிகாரிகளின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து நோயாளிகளுக்குப் பொதுநிதி வைத்தார்கள். சில அதிகாரிகள் முணுமுணுத்ததும் உண்டு. மரியாதையாகக் கேட்டு, கொடுக்காதவனிடம் அதட்டி வாங்கிய தலைவர்கள் இருந்த முகாம்களில் பிழைத்தவர்கள் அதிகம்.

வேலை எப்படி? 'ஸ்பீடோ' என்கிறார்களே, அது என்ன?

'சீக்கிரம், சீக்கிரம்' என்று காவலர்கள் கத்திய சொல். 1943 தொடக்கத்திலிருந்து, பாதையைக் குறித்த நாளுக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி வந்தது. அந்தக் காலத்துக்கே கைதிகள் 'ஸ்பீடோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை பதினாறு, பதினெட்டு என்று நீண்டது. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவார்கள். முகாமைச் சூரிய வெளிச்சத்தில் பார்க்காமலே வாரங்கள் போனவர்கள் உண்டு.

எந்திரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. மண்வெட்டி, கூடை, சம்மட்டி, உளி, வெடிமருந்து. மலையைக் குடைய இருவர் சேர்ந்து வேலை செய்வார்கள். ஒருவன் நீளமான இரும்பு உளியைப் பாறைமேல் பிடித்துக்கொள்வான், இன்னொருவன் சம்மட்டியால் அடிப்பான். ஒவ்வோர் அடிக்கும் உளியைக் கொஞ்சம் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். பட்டினியால் கை நடுங்குகிறவன் அடிக்கிறான், காய்ச்சலில் கண் மங்கியவன் பிடித்திருக்கிறான் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் துளை என்று தொடங்கிய கணக்கு இரண்டாகி, அப்புறம் மூன்றாகிவிட்டது.

கொன்யு வெட்டுப்பாறைதான் இதில் பேர்போனது. 1943 ஏப்ரல் 25 அன்று ஆஸ்திரேலியர்கள் அங்கே வேலை தொடங்கினார்கள். ஆழமான பகுதி 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம். இரவில் மூங்கில் பந்தமும் தீவட்டியும் கொளுத்தி வேலை நடந்தது. மேலே நின்று பார்த்தால் கீழே எலும்பும் தோலுமான நிழல்கள் நெருப்பு வெளிச்சத்தில் ஆடும். அதனால்தான் 'நரக நெருப்புக் கணவாய்' என்ற பெயர்.

காவலர்கள் அடித்தார்களா?

அடித்தார்கள், தினமும். முகாம் காவலுக்குப் பெரும்பாலும் கொரியர்கள், வேலை வாங்க ஜப்பானிய ரயில்வே படைப்பிரிவுகளின் பொறியியல் ஆட்கள். காலை, மாலை 'தென்கோ' என்ற எண்ணிக்கை. ஜப்பானிய மொழியில் எண் சொல்லத் தடுமாறினால் அறை. குனிந்து வணங்க மறந்தால் மூங்கில் கழி. தலைக்குமேல் பாறாங்கல்லைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். ஜப்பானிய ராணுவத்தில் மேலே இருப்பவன் கீழே இருப்பவனை அறைவது சாதாரணம். கொரியக் காவலன் அந்த ஏணியில் கடைசிப் படி, அவனுக்கும் கீழே கைதி.

கொடுமையான சம்பவங்கள் உண்டு. 1943-ல் காஞ்சனபுரியில் ரகசிய வானொலி வைத்திருந்ததற்காக அதிகாரிகளை அடித்ததில் இருவர் இறந்தே போனார்கள். ஆனால் சினிமா பார்த்துவிட்டு வருபவர்கள் அடியைப் பற்றியே கேட்கிறார்கள். அடியால் செத்தவர்களைவிட அழுக்குத் தண்ணீரால் செத்தவர்கள் பல மடங்கு.

சரி, எதனால் செத்தார்கள்?

சீதபேதி, மலேரியா, பெரிபெரி, வாந்திபேதி, புண். பெரும்பாலும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து. ஒருவனுக்கு ஒரே நோய் என்பது அங்கே அபூர்வம்.

மலேரியா ஏறக்குறைய எல்லோருக்கும் வந்தது. கொய்னா கொஞ்சம் கிடைத்தது, போதவில்லை. சீதபேதியில் ஆள் நூலாகிவிடுவான். இரவில் இருபது முப்பது தடவை சேற்றில் நடந்து குழிக்குப் போக வேண்டும். போகும் வழியிலேயே விழுந்து கிடந்தவர்களும் உண்டு.

வாந்திபேதி 1943 மே, ஜூனில் மழையோடு சேர்ந்து இறங்கியது. காலையில் திடமாக இருந்தவன் மாலையில் அடையாளம் தெரியாமல் வற்றிக் கிடப்பான். இறந்தவர்களைப் புதைக்க முடியாது, மூங்கில் அடுக்கி எரித்தார்கள். ஈர மூங்கில் எரிவதற்குள் அடுத்த உடல் வந்துவிடும்.

வெப்பமண்டலப் புண் என்பது கேட்கச் சாதாரணமாக இருக்கும். மூங்கில் முள் காலில் கீறும். நல்ல உடம்பில் இரண்டு நாளில் ஆறிவிடும். சத்தில்லாத உடம்பில் அது அழுகிப் பரவி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை எலும்பு வெளியே தெரியும். புண் கொட்டகையின் நாற்றம் தூரத்திலேயே அடிக்கும் என்று எழுதாத மருத்துவர் இல்லை.

மருந்தே இல்லாமல் மருத்துவர்கள் என்ன செய்தார்கள்?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதலில் தண்ணீர். பிடிவாதமான முகாம்களில் ஒரே சட்டம்: கொதிக்காத தண்ணீர் வாயில் படக் கூடாது. சாப்பாட்டு வரிசையின் தொடக்கத்தில் ஒரு டிரம்மில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொருவனும் தன் தட்டையும் கரண்டியையும் அதில் முக்கி எடுத்த பிறகுதான் சோறு. பசியில் கண் இருண்டவனை வரிசையில் நிறுத்தி இதைச் செய்ய வைப்பதற்கு அதிகாரம் வேண்டும், அந்த அதிகாரம் சொந்தப் படையின் சார்ஜென்டிடம் இருந்தது. எஃப் ஃபோர்ஸில் ஆஸ்திரேலியர்களில் பத்துக்கு மூன்று பேர் இறந்தார்கள், பிரிட்டிஷாரில் பத்துக்கு ஆறு பேர். பிரிட்டிஷ் பிரிவில் தொடக்கத்திலேயே பலவீனமானவர்கள் அதிகம் என்பதும் ஒரு காரணம். ஆனால் முகாம் கட்டுப்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு என்று இரண்டு தரப்பிலும் சொன்னார்கள்.

வாந்திபேதிக்கு உப்புநீர் ஏற்ற வேண்டும். பழைய பெட்ரோல் தகரத்திலும் குழாய்களிலும் வடிகலம் செய்து தண்ணீரைக் காய்ச்சி வடித்தார்கள். சமையல் உப்பைக் கலந்து, ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாய் வழியாக, சில இடங்களில் சீவிய மூங்கிலையே ஊசியாக வைத்து நரம்பில் ஏற்றினார்கள். ஹிந்தோக் முகாமில் எட்வர்ட் டன்லப் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவரின் குழு இப்படிப் பலரைப் பிழைக்க வைத்தது. டன்லப் வெறும் மருத்துவர் இல்லை, தன் ஆட்களுக்குத் தளபதியும் அவர்தான். நடக்க முடியாதவனை வேலைக்கு இழுக்கும்போது காவலர்களோடு மல்லுக்கு நின்று அடியும் வாங்கியவர்.

சுங்காய் முகாமில் ஜேக்கப் மார்கோவிட்ஸ் என்ற மருத்துவர் இரத்தம் ஏற்றினார். உறையாமல் தடுக்கும் மருந்து இல்லை. அதனால் எடுத்த இரத்தத்தைக் கரண்டியால் விடாமல் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். உறையும் நார் கரண்டியில் சுற்றிக்கொள்ளும், மீதியைத் துணியில் வடிகட்டி அடுத்தவனுக்கு ஏற்றுவார்கள். மோர் கடைந்து வெண்ணெய் எடுத்தவர்களுக்கு இந்த வேலையை விளக்கவே வேண்டாம்.

புண்ணுக்கு? கரண்டியின் விளிம்பைக் கூராக்கி அழுகிய சதையைச் சுரண்டுவார்கள். மயக்க மருந்து கிடையாது, நான்கு பேர் பிடித்துக்கொள்வார்கள். சிலர் புழுக்களைப் புண்ணில் விட்டார்கள். சிலர் ஆற்றில் காலை வைத்து உட்கார்ந்தார்கள், சின்ன மீன்கள் செத்த சதையைக் கொத்தித் தின்னும். அதற்கும் அடங்காவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான். பர்மாப் பக்கம் 55-வது கிலோமீட்டரில் இருந்த '55 கிலோ' முகாமில் ஆல்பர்ட் கோட்ஸ் என்ற மருத்துவர் நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை எடுத்தார். ரம்பம், முகாமில் வேறு வேலைக்கு வைத்திருந்ததுதான். அங்கிருந்த ஒரு டச்சு மருந்தாளர் கொக்கேயினிலிருந்து முதுகில் போடும் மரப்பு மருந்தைத் தயாரித்துக் கொடுத்தார். அமெரிக்கர்களோடு இருந்த ஹென்றி ஹெக்கிங் ஜாவாவில் வளர்ந்த டச்சு மருத்துவர். பாட்டியிடம் கற்ற பச்சிலை வைத்தியத்தை இங்கே பயன்படுத்தினார்.

வெளியிலிருந்து யாரும் உதவவில்லையா?

செஞ்சிலுவைப் பொட்டலங்கள் மிகக் கொஞ்சமே வந்து சேர்ந்தன. உள்ளூரில் பூன் போங் என்ற காஞ்சனபுரி வியாபாரி இருந்தார். முகாம் கடைகளுக்குக் காய்கறி கொடுக்கும் ஒப்பந்தத்தை எடுத்து, கூடைக்கு அடியில் மருந்தும் பணமும் வானொலி பேட்டரியும் வைத்துப் படகில் அனுப்பினார். பிடிபட்டால் குடும்பத்தோடு தலை போயிருக்கும். போருக்குப் பின் அவர் தொழில் நொடிந்தபோது, பிழைத்த கைதிகள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

தப்பிக்க முயன்றார்களா?

சிலர் முயன்றார்கள். வெள்ளைத் தோலோடு தாய்லாந்துக் காட்டில் எங்கே ஒளிவது? நட்புப் படைகள் இருந்த இடம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம். பிடிபட்டவர்களைச் சுட்டார்கள். 1942-ல் பர்மாவின் தவோயில் எட்டு ஆஸ்திரேலியர்களைத் தோழர்கள் கண்ணெதிரே சுட்டுக் கொன்றதற்குப் பிறகு ஆசை அடங்கிவிட்டது.

தமிழர்கள் எத்தனை பேர்? அவர்கள் முகாம் எப்படி இருந்தது?

ஜப்பான் இந்தப் பாதைக்கு 2,00,000க்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தது. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேல், அதில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத் தமிழர்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் பஞ்சம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். ஆள் சேராதபோது லாரியோடு வந்து பிடித்தார்கள். இலவச சினிமா என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலில் ஏற்றிய கதை பல ஊர்களில் உண்டு.

போர்க்கைதிகளின் முகாமுக்குப் பக்கத்திலேயே இவர்கள் கொட்டகைகள். அதே மழை, அதே அரிசி, அதே ஆறு. ஆனால் மருத்துவர் இல்லை, படைக் கட்டுப்பாடு இல்லை, தண்ணீரைக் கொதிக்க வை என்று சொல்ல ஆள் இல்லை, கழிப்பிடக் குழி வெட்ட ஏற்பாடு இல்லை. தோட்டத்தில் கங்காணியும், மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரும் பார்த்துக்கொண்ட விஷயங்கள் இங்கே யார் பொறுப்பும் இல்லை. பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். வாந்திபேதி நுழைந்ததும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். உயிரோடு இருந்தவர்கள் பயந்து காட்டுக்குள் ஓட, அவர்களோடு நோயும் அடுத்த முகாமுக்கு நடந்தது. நிலைமை கைமீறிய பிறகு, 1943 நடுவில் சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதி மருத்துவக் குழுக்கள் இரண்டை, 'கே', 'எல்' என்று பெயரிட்டு, தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். மொத்தம் சில நூறு பேர், பல்லாயிரம் நோயாளிகளுக்கு.

ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 70,000 முதல் 90,000 வரை என்பது பொதுவான மதிப்பீடு. போர்க்கைதிகளின் சாவுக்குத் துல்லியமான எண் இருப்பதற்கும் இவர்களுக்கு இல்லாததற்கும் காரணம் எளிது. கைதி அதிகாரிகள் இறந்தவர் பெயர், எண், இடம் எல்லாவற்றையும் ரகசியமாக எழுதிப் புட்டியில் போட்டுக் கல்லறைகளிலேயே புதைத்து வைத்தார்கள். போர் முடிந்ததும் 1945 செப்டம்பரில் ஒரு தேடல் குழு அந்தப் பட்டியல்களோடு பாதை நெடுகப் போய், 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. முனியாண்டி, மாரியம்மா என்று எழுதி வைக்க யாரும் இல்லை.

'குவாய் நதிப் பாலம்' படத்தில் காட்டியது உண்மையா?

பாலம் இருந்தது, முகாம் இருந்தது. மற்றதெல்லாம் கற்பனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1957-ல் வந்த அந்தப் படம் எடுக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றங்கரையில். படத்தின் பிரிட்டிஷ் கர்னல் எதிரிக்குப் பெருமையோடு பாலம் கட்டிக்கொடுப்பார். உண்மையில் பாலத்தருகே இருந்த தாமர்கான் முகாமின் தலைவராக இருந்த பிலிப் டூஸி அப்படிப்பட்டவர் இல்லை. முகாமைச் சுத்தமாக வைத்து, பேரம் பேசி, தன் ஆட்களைக் காப்பாற்றியவர் என்று அவரோடு இருந்தவர்கள் கடைசிவரை சொன்னார்கள். இன்னொரு வேடிக்கை: அந்தப் பாலம் நின்றது மே குளோங் ஆற்றின்மேல். சுற்றுலாப் பயணிகள் குவாய் எங்கே என்று கேட்கத் தொடங்கியதும், பின்னாளில் ஆற்றின் பெயரையே குவே யாய் என்று மாற்றிவிட்டார்கள்.

பாதை முடிந்ததும் விட்டுவிட்டார்களா?

இல்லை. நோயாளிகளைச் சுங்காய், நாகோன் பாதோம் போன்ற கீழ்ப்பகுதி முகாம்களுக்கு இறக்கினார்கள், சாப்பாடு ஓரளவு தேறியது. ஓரளவு தேறிய ஆட்களைக் கப்பலில் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். 1944 செப்டம்பரில் 'ரகுயோ மாரு' கப்பலை, உள்ளே கைதிகள் இருப்பது தெரியாமல் அமெரிக்க நீர்மூழ்கி தாக்கியதில் 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே மாதம் நோங் பிளாடுக் முகாம்மேல் நேச நாட்டு விமானங்களின் குண்டு விழுந்தது. காட்டில் பிழைத்தவர்கள் சொந்தப் பக்கத்துக் குண்டுக்குப் போனார்கள்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

1929 ஜெனீவா ஒப்பந்தம் இருந்தது. ஜப்பான் கையெழுத்துப் போட்டதே தவிர, அதை உறுதி செய்யவில்லை. பொருந்தும் அளவுக்குக் கடைப்பிடிப்போம் என்று 1942-ல் சொன்னதோடு சரி. போருக்குப் பின் நடந்த விசாரணைகளில் இந்தப் பாதை தொடர்பாக 111 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, 32 பேருக்கு மரண தண்டனை. கொரியக் காவலர்களும் அதில் அடக்கம். டோக்கியோ தீர்ப்பாயத்தின் கணக்குப்படி, ஜெர்மனி, இத்தாலியிடம் பிடிபட்ட பிரிட்டிஷ், அமெரிக்கப் போர்க்கைதிகளில் இறந்தவர்கள் 4 சதவீதம். ஜப்பானிடம் பிடிபட்ட மேற்கத்தியக் கைதிகளில் 27 சதவீதம்.

தோட்டத்திலிருந்து போன தமிழர்களின் சாவு இந்த விசாரணைகளில் ஓரமாகத்தான் வந்துபோனது.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

பேங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது, நாம் தோக் வரை பழைய பாதையிலேயே ஓடுகிறது. அதற்கு மேலே தண்டவாளம் கிடையாது. வழியில் வாங் போ அருகே மலையை ஒட்டி மரத் தூண்கள்மேல் வண்டி ஊர்ந்து போகும், ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். பாலத்தில் வளைந்த சட்டங்கள் பழையவை, ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. நடுவில் நேர்க்கோணமாக இருக்கும் இரண்டும் குண்டு விழுந்தபின் மாற்றியவை. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் கிடக்கிறார்கள். நரக நெருப்புக் கணவாய்க்கு வண்டி வைத்துக்கொண்டுதான் போக வேண்டும், ஆஸ்திரேலிய அரசு அமைத்த காட்சியகம் அங்கே இருக்கிறது. வெட்டிய பாறைச் சுவரில் உளி போன தடம் இன்னும் தெரியும். விரலை வைத்துப் பார்க்கலாம்.

பாலத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஜப்பானியர்களே 1944 பிப்ரவரியில் கட்டிய நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது. சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிறுத்துவதில்லை, ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சுற்றியுள்ள கல்வெட்டுகளில் ஒன்று தமிழில் இருக்கிறது.